மாப்பிள்ளையைத் தொண்ணூற்றேழால் வகு

அத்தியாயம் 7

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு பெண் துப்பறியும் அலுவலகத்தின் படியேறுகிறாள் என்றால், ஒன்று மாப்பிள்ளை சரியில்லை, அல்லது பெண்ணுக்கு வேறொரு மாப்பிள்ளை இருக்கிறான். பதினோரு வருஷத்தில் மூன்றாவது காரணத்தோடு யாரும் வந்ததில்லை. ஒரு மாறுதலுக்காகவாவது யாராவது வரலாம்.

நான் அஃப்ரித். காரைக்கால் பாரதியார் சாலையில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் அல்லி விசாரணை நிலையத்தின் ஒரே உதவியாளன். முன்பு விமான டிக்கெட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதலாளி அல்லி அக்கா. ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில், செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று பார்க்கிற வேலை. அந்த வேலையில் மனிதர்கள் மேல் இருந்த மரியாதை போய்விட்டது, எண்கள் மேல் வந்துவிட்டது என்பார். என்னை எந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்தவள் பெயர் சிவப்ரியா. விழிதியூர்க்காரி, இருபத்தேழு வயது, காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணப் பத்திரிகையை மேஜையில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை கல்யாணம் மேடம். மாப்பிள்ளை பேரு சிலம்பரசன். பாரிஸ்ல வேலை, பிரெஞ்சு நேஷனாலிட்டி. எங்கப்பா அதைக் கேட்டதுலேர்ந்து தரையில நடக்கல."

"உங்களுக்கு என்ன சந்தேகம்?" என்றார் அக்கா.

"சந்தேகம்னு சொல்லத் தெரியல. அவங்க நகை கேக்கல, சீர் கேக்கல. நர்ஸ் பொண்ணுதான் வேணும்னாங்க, அவ்ளோதான். மூணு மாசமா போன்ல பேசுறார். எனக்கு என்ன புடிக்கும்னு ஒரு தடவகூட கேட்டதில்ல. டயாலிசிஸ் பேஷன்ட்டுக்கு எவ்வளவு தண்ணி குடுக்கலாம், வாழைப்பழம் குடுக்கலாமா, நல்லா பார்த்துக்கிட்டா எத்தனை வருஷம் தாங்குவாங்க... இதேதான்."

"காதல்ல இது ஒரு தினுசு," என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடினேன்.

"யாருக்கு டயாலிசிஸ்?"

"அவரோட அத்தைக்கு. சொர்ணாம்பாள்னு பேரு. அந்தம்மாவும் பிரெஞ்சு நேஷனாலிட்டிதான். அவங்கதான் கூட வந்து தட்டு மாத்துனாங்க. வேற சொந்தக்காரங்கன்னு யாரும் வரல."

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். வாட்ஸப்பில் வந்த படம். பச்சை நிறத்தில் ஓர் அட்டை, அதில் சிலம்பரசனின் பல் தெரியும் போட்டோ, கீழே நீளமாக ஓர் எண். பிரான்சில் ஆஸ்பத்திரிக்குப் போனால் காட்டுகிற காப்பீட்டு அட்டையாம். அங்கே ஒவ்வொருவருக்கும் ஆயுளுக்கும் ஒரே எண்ணாம். நேஷனாலிட்டிக்கு ஆதாரம் கேட்டபோது மாப்பிள்ளை அனுப்பியது இதைத்தான்.

1 91 05 99 223 047 93

"அப்பா இதை எண் ஜோசியர்கிட்ட எடுத்துட்டுப் போனார். கூட்டினா அறுபத்துநாலு, அதைக் கூட்டினா பத்து, அதைக் கூட்டினா ஒண்ணு. ஒண்ணுன்னா சூரியனாம். ராஜயோகமாம். அன்னிக்கே பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டார்."

பதினைந்து இலக்கத்தைக் கூட்டிப் பார்த்து மகளைக் கொடுக்கிறார்! ஒரு கன்றுக்குட்டி வாங்கினால்கூட வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள்.

அக்கா எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசி ரெண்டு இலக்கம் மட்டும் ஏன் தள்ளி நிக்குது?"

"தெரியல மேடம்."

"பாலிசி நம்பர்ல இந்த மாதிரி பார்த்திருக்கேன். ஒதுங்கி நிக்கிற இலக்கம் காவல்காரன் மாதிரி. மத்த இலக்கத்துல எவனாவது கை வெச்சா அது காட்டிக்குடுத்துடும்." பத்திரிகையின் பின்பக்கத்தில் எண்ணை எழுதிக்கொண்டார். "மாப்பிள்ளைக்குப் பிறந்தநாள் எப்ப?"

"மே பன்னெண்டு, தொண்ணூத்தொண்ணு. அத்தைக்கும் மே மாசம்தானாம். வருஷா வருஷம் ரெண்டு பேரும் ஒரே கேக் வெட்டுவாங்களாம். அதை மட்டும் ஆசையா சொன்னார்."

கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். ராஜினாமாக் கடிதம். அப்பா எழுத வைத்தது. மாலை ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்தாக வேண்டும். அதன் பிறகு வேலையும் இல்லை, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஊரும் இல்லை.

"போகச்சொன்னா போயிடுறேன் மேடம். ஆனா எங்க போறேன், எதுக்குப் போறேன்னு தெரிஞ்சுட்டுப் போகணும். போன எடத்துல பேப்பர் இல்லாம மாட்டிக்கிட்டா என்னை யாரு வந்து கூட்டிட்டு வருவாங்க?"

"லெட்டர் உங்க கையிலயே இருக்கட்டும்," என்றார் அக்கா. "மூணு மணிக்கு வீட்டுல இருங்க. அவங்களும் இருக்கிற மாதிரி பாத்துக்குங்க."

*

காரைக்காலில் பிரெஞ்சுக் காகிதத்தில் எந்தச் சந்தேகம் என்றாலும் போய் நிற்கிற இடம் கமாலுதீன் நானா வீடு. பாரிசில் இதே மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தின் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்துவிட்டு வந்தவர். நாங்கள் போனபோது, ஒரு கிண்ணம் நிறைய காபியை ஊற்றி, அதில் பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரான்ஸ் பழக்கமாம். சட்டைப் பாக்கெட் வரை காபி.

அக்கா பத்திரிகையை நீட்டினார். நானா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"செக்யூ நம்பர். காப்பீட்டு நம்பரை அங்க அப்படித்தான் சொல்வாங்க. மொத இலக்கம் ஒண்ணுன்னா ஆம்பள, ரெண்டுன்னா பொம்பள. அடுத்து பொறந்த வருஷம், தொண்ணூத்தொண்ணு. அடுத்து மாசம், அஞ்சு. தொண்ணூத்தொம்போதுன்னா பிரான்சுக்கு வெளிய பொறந்தவன். எரநூத்தி இருவத்திமூணு நம்ம இந்தியா. அப்புறம் வரிசை நம்பர்."

"கடைசி ரெண்டு?"

"அது க்ளே. சாவின்னு அர்த்தம். மொத பதிமூணு இலக்கத்தையும் ஒரே நம்பரா எடுத்துக்கிட்டு தொண்ணூத்தேழால வகுக்கணும். வர்ற மிச்சத்தைத் தொண்ணூத்தேழுலேர்ந்து கழிச்சா சாவி வரணும். வரலன்னா எங்கயோ தப்பு."

"அது ஏன் நானா தொண்ணூத்தேழு?" என்றேன். "நூறுன்னு வெச்சிருந்தா நாங்களும் படிச்சிருப்போம்ல."

பதில் அக்காவிடமிருந்து வந்தது. "ரெண்டு இலக்கத்துல இருக்கிற பகா எண்ணுலயே பெரிசு அதான். நூறால வகுத்தா கடைசி ரெண்டு இலக்கம்தான் மிஞ்சும், முன்னாடி எவன் என்ன மாத்தினாலும் தெரியாது. இதுல ஒரே ஒரு இலக்கத்தை மாத்தினாலும் மிச்சம் மாறியே தீரும்." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். தன் சொந்த அக்கா மகளின் கல்யாணத்தில்கூட அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

நான் போனில் கால்குலேட்டரைத் திறந்தேன்.

"அதை உள்ள வை. நூறைத் தொண்ணூத்தேழால வகுத்தா மிச்சம் எவ்வளவு?"

"மூணு."

"அவ்ளோதான் விஷயம். நம்பரை ரெண்டு ரெண்டு இலக்கமா வெட்டு. இருக்கிறதை மூணால பெருக்கு, அடுத்ததைக் கூட்டு, தாண்டிப் போனா தொண்ணூத்தேழு தொண்ணூத்தேழா தள்ளு."

வலது பக்கத்திலிருந்து வெட்டினார்: 1, 91, 05, 99, 22, 30, 47. ஒன்றை மூன்றால் பெருக்கித் தொண்ணூற்றொன்றைக் கூட்டினார். தொண்ணூற்றுநாலு. அதை மூன்றால் பெருக்கி ஐந்தைக் கூட்டினார். இருநூற்று எண்பத்தேழு. இரண்டு தொண்ணூற்றேழைத் தள்ளினார். தொண்ணூற்றுமூன்று. மணமகளின் தாத்தா பாட்டி பெயர்களுக்குப் பின்பக்கமாகப் பேனா ஓடியது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"மிச்சம் அறுபத்தஞ்சு. தொண்ணூத்தேழுல கழிச்சா முப்பத்திரண்டு. அட்டையில இருக்கிறது தொண்ணூத்துமூணு."

"போலி," என்றார் நானா, பன்னை மறுபடி தோய்த்தபடி. "முடிஞ்சுது. பாரிஸ் மாப்புள்ள பணால்."

"முடியல பாய்," என்றார் அக்கா. "முழுசா பொய் சொல்றவன் நம்பரையும் முழுசா கற்பனை பண்ணியிருப்பான். இவன் பண்ணல. நாட்டு நம்பர் சரியா இருக்கு, வரிசை நம்பர் இருக்கு, சாவிக்கு எடம் விட்டிருக்கு. ஒரு நெசமான அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு, தேவையானதை மட்டும் மாத்தியிருக்கான். போட்டோ, பேரு. நம்பர்ல அவனுக்கு எது எது மாத்தணும்?"

"வருஷம்," என்றேன்.

"அப்புறம்?"

நான் அந்த முதல் இலக்கத்தைப் பார்த்தேன். ஒன்று. ஆம்பிள்ளை. "அக்கா... அதுவுமா?"

"ரெண்டையும் பார்ப்போம். மீதி எல்லாம் அப்படியே இருக்கட்டும். சாவி தொண்ணூத்துமூணுன்னா மிச்சம் நாலு வரணும். எந்த வருஷத்துக்கு நாலு வருது?"

வருஷம் ஒன்று மாறினால் மிச்சம் நாற்பத்தொன்பது மாறுகிறதாம். இரண்டு வருஷத்துக்குத் தொண்ணூற்றெட்டு, அதாவது தொண்ணூற்றேழு போக வெறும் ஒன்று. அக்கா இரண்டிரண்டு வருஷமாகப் பின்னால் இறங்கினார். தொண்ணூறு, எண்பத்தெட்டு, எண்பத்தாறு என்று ஒரு வரிசை. ஒற்றைப்படை வருஷங்களுக்கு இன்னொரு வரிசை. பிறகு முதல் இலக்கத்தை இரண்டாக்கிக்கொண்டு அதையே மறுபடி. பத்திரிகையில் எழுத இடமில்லாமல் 'தங்கள் நல்வரவை நாடும்' வரை வந்துவிட்டது.

கடைசியில் இரண்டே இரண்டு விடைக்குக் கீழே கோடு போட்டார்.

"ஆம்பளைன்னா வருஷம் அறுபத்தாறு. பொம்பளைன்னா அறுபத்துமூணு. நூறு வருஷத்துல வேற எதுவும் பொருந்தாது."

"ஆம்பளைன்னா அம்பத்தொம்போது வயசு, பொம்பளைன்னா அறுவத்திரண்டு," என்றேன். "நம்ம மாப்பிள்ளை முப்பத்துநாலு வயசுக்காரன். ரெண்டு பேருக்கும் புள்ள மாதிரி இருக்கான்."

"மாசம் மட்டும் ஏன் மாத்தல?"

அக்கா கேட்டு முடிப்பதற்குள் எனக்கும் உறைத்தது. ஒரே கேக். மாதத்தை மாற்ற அவசியமே இல்லை. அவனும் மே, அத்தையும் மே.

"பாய், சொர்ணாம்பாள்னு ஒரு பிரெஞ்சு நேஷனாலிட்டி அம்மா, தெரியுமா? அறுபது வயசுக்கு மேல இருக்கும்."

"தெரியாம என்ன? அவங்க வாப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சிப்பாயா இருந்தவரு. அறுவத்துமூணுல பொறந்த புள்ள. பாரிஸ்ல என் கவுண்டருக்குத்தான் வரும். பாவம், கிட்னி போயி போன வருஷம்தான் ஊருக்கு வந்துச்சு. ஒண்டிக்கட்டை."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரே புள்ள."

"கல்யாணம்?"

"கட்டவே இல்லியே."

அக்கா பேனாவை மூடினார். "அண்ணன் தம்பியும் கிடையாது, கட்டிக்கிட்டவனும் கிடையாது. அப்புறம் அந்தம்மா எப்படி ஒருத்தனுக்கு அத்தை ஆகுறாங்க?"

நானாவின் பன் கிண்ணத்துக்குள் விழுந்துவிட்டது. அவர் எடுக்கவில்லை.

"இன்னொண்ணு. பிரான்சுல வேலை பார்க்கிறவன் யாருக்காவது இந்த நம்பர் இல்லாம இருக்குமா?"

"ஒரு மாசம் வேலை பார்த்தாலும் குடுத்துடுவாங்களே. அவனவனுக்குத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லத் தெரியும்."

"சொந்த நம்பர் இருக்கிறவன் அடுத்தவங்க நம்பரைத் திருட மாட்டான். அப்ப இவன் பிரான்ஸ் பக்கமே போனதில்ல. சரி, போகாதவனுக்கு நேஷனாலிட்டி எப்படி கெடைக்கும்?"

"பிரெஞ்சு ஆளைக் கட்டிக்கணும். கட்டினதும் கெடைக்காது. நாலு வருஷம் ஆகணும், இங்கயே இருந்தா அஞ்சு. அது வரைக்கும் ரெண்டு பேரும் புருஷன் பொஞ்சாதியா, உசுரோட இருக்கணும்."

உயிரோடு இருக்கணும். நல்லா பார்த்துக்கிட்டா எத்தனை வருஷம் தாங்குவாங்க? சிவப்ரியாவின் போனில் மூன்று மாதமாக வந்த கேள்வி இதுதான். அத்தை என்று காட்டிய கிழவி பொண்டாட்டி. பொண்டாட்டி என்று கட்டப்போகிற பெண், அந்தப் பொண்டாட்டியைச் சாகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சம்பளமில்லாத நர்ஸ். சீ! இதைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து மாற்றியிருக்கிறார்கள்.

"நானா, கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றேன்.

*

விழிதியூருக்கு என் பைக்கில் போனோம். வழியில் அக்கா சொன்னது ஒன்றுதான்.

"நம்பர் யாருடையதுன்னு கணக்கு சொல்லிடுச்சு. கல்யாணம் ஆச்சான்னு அது சொல்லாது. அதை அவங்க வாயாலதான் வர வைக்கணும்."

"வரலன்னா?"

"அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ணு லெட்டரைக் குடுத்துடும்."

வாசலில் பந்தல். கீற்றின் பச்சை வாசனை. கூடத்தில் சிவப்ரியாவின் அப்பா அன்பழகன், வெள்ளை வேட்டி, கையில் மாப்பிள்ளைக்கு விசிறி. மின்விசிறி மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே விசிறிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சிலம்பரசன் சோபாவில் சாய்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சொர்ணாம்பாள். வீங்கிய பாதங்கள், டயாலிசிஸ் ஊசி ஏறிய இடது கையை முந்தானையால் மூடியிருந்தார், மடியில் ஒரு பெரிய கைப்பை. அவருக்கு யாரும் விசிறவில்லை.

"நான்தான் வரச்சொன்னேன்பா," என்றாள் சிவப்ரியா. "மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்கச் சொன்னேன்."

"ஏய், என்ன பேசுற நீ? அவரு பிரெஞ்சு நேஷனாலிட்டி!"

அக்கா உட்காரவில்லை. "தம்பி, உங்க செக்யூ நம்பர் சொல்லுங்க."

சிலம்பரசன் சிரித்துக்கொண்டே போனை எடுத்தான்.

"போன் வேணாம். மனசுலேர்ந்து."

"பதினஞ்சு நம்பரை யாருங்க மனப்பாடம் பண்ணுவாங்க?"

"பாரிஸ்ல எல்லாரும் பண்ணுவாங்களாம். சரி விடுங்க. இந்த நம்பர் கணக்குல தப்பு. தொண்ணூத்தேழால வகுத்தா சாவி பொருந்தல."

அன்பழகன் எழுந்துவிட்டார். "அதெல்லாம் நாங்க பார்த்தாச்சு. கூட்டுத்தொகை அறுபத்துநாலு. சூரியன்."

அக்கா பத்திரிகையின் பின்பக்கத்தைக் காட்டினார். "ஒண்ணு, ஒம்போது, ஒண்ணு. கூட்டினா பதினொண்ணு. இதை எடுத்துட்டு ரெண்டு, ஆறு, மூணுன்னு போடுங்க. கூட்டினா எவ்வளவு?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "பதினொண்ணு."

"மொத்தம் அதே அறுபத்துநாலு, அதே சூரியன். ஆனா இது ஆம்பள நம்பர் இல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூணு மே மாசம் பொறந்த ஒரு பொம்பள நம்பர். கூட்டினா கண்டுபுடிக்க முடியாதுங்க. வகுத்துப் பார்த்திருக்கணும்."

சொர்ணாம்பாளின் விரல்கள் கைப்பையின் கொக்கியில் நின்றன. சிலம்பரசன் முறுக்கைத் தட்டில் வைத்தான். அவன் மூளை ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"சரிங்க, அது அத்தையோட நம்பர்தான். என் அட்டை புதுப்பிக்கப் போயிருக்கு. மாமா அவசரமா கேட்டாரேன்னு அத்தை அட்டையைக் கொஞ்சம் மாத்தி அனுப்பினேன். இதுல என்ன குத்தம்?"

"அதானே?" என்றார் அன்பழகன். நின்ற விசிறி மறுபடி ஆடத் தொடங்கியது. "அத்தை அட்டைதானே! குடும்பத்துக்குள்ளதானே!"

"எந்த வழியில அத்தை?" என்றார் அக்கா.

"அப்பாவோட தங்கச்சி."

"அந்தம்மா ஒரே பொண்ணு."

"ஒண்ணுவிட்ட..."

"தம்பி, நீங்க இந்தம்மாவோட புருஷனா?"

சிலம்பரசன் சிரித்தான், ஆனால் மூன்று வினாடி தாமதமாக. அந்த மூன்று வினாடியை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். சிவப்ரியா பார்த்தாள். அவள் அப்பாவும் பார்த்தார்.

இந்த இடத்தில் ஒரு தகப்பன் என்ன செய்வான் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்த விசிறியின் காம்பு உடையும் என்று நினைத்தேன். அன்பழகன் விசிறியை மெதுவாகக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். யோசித்தார்.

"அப்படியே இருந்தாலும்... விசாவுக்குப் பேப்பர்ல எழுதுறது இந்தப் பக்கம் புதுசு இல்லீங்க. வெளியூர்க்காரங்க மாதிரி பேசாதீங்க." குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது. "அந்தம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. எத்தனை நாளைக்கு? ஒரு வருஷமா, ஒண்ணரை வருஷமா? அப்புறம் எம்பொண்ணுதானே எல்லாம்?"

"ஐயோ மாமா, அப்படிச் சொல்லாதீங்க!" சிலம்பரசன் பதறிவிட்டான். நிஜமான பதற்றம். "அஞ்சு வருஷமாவது இருந்தாத்தான் எனக்கு நேஷனாலிட்டி வரும். ஒண்ணரை வருஷத்துல போயிட்டா எல்லாம் வீண். அதுக்குத்தானே நர்ஸ் பொண்ணா..."

அதற்கு மேல் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

எத்தனையோ பொய்யர்களைப் பார்த்திருக்கிறேன். செத்த தகப்பன் விரலை எடுத்து ரேகை வைத்தவனைக்கூட அக்காவோடு போய்ப் பிடித்திருக்கிறேன். அன்றைக்குக்கூட மதியம் சாப்பிட்டேன். ஆனால் ஒரு மனுஷி நாலடி தள்ளி உட்கார்ந்திருக்க, அவள் ஆயுசு ஒன்றரையா ஐந்தா என்று இரண்டு ஆம்பிள்ளைகள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பேரம் பேசினார்களே, அதைக் கேட்டபோது இந்தக் கூடத்துக் காற்றை உள்ளே இழுக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. தூ!

கொக்கி திறக்கிற சத்தம் கேட்டது.

சொர்ணாம்பாள் கைப்பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்தார். கூடவே நாலாய் மடித்த ஒரு தாள். சிலம்பரசன் சோபாவிலிருந்து பாய்ந்தான். நான் நடுவில் காலை நீட்டினேன். தற்செயலாகத்தான். முறுக்குத் தட்டோடு விழுந்தான்.

"நாலு மாசத்துக்கு முன்னாடி ரெஜிஸ்தர் ஆபீஸ்ல கட்டிக்கிட்டான்," என்றார் அந்த அம்மா. அழவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது. "வெளியூர்ல டயாலிசிஸ் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டிட்டு வந்தவன். நாள் தவறாம கூட்டிட்டுப் போவான், கைய புடிச்சு எறக்கி விடுவான். தனியா கெடந்தேன். கேட்டான், சரின்னேன். அப்புறம் ஒரு நர்ஸ் பொண்ணைக் கட்டிக்கிறேன், நீ அத்தைன்னு வான்னான். வெக்கங்கெட்டு அதுக்கும் வந்தேன். என்ன பேரு சொல்லியாவது வீட்டுல ஒரு ஆளு என்னைக் கூப்புட்டா போதும்னு இருந்துச்சு."

அன்பழகனைப் பார்த்துத் திரும்பினார். "பொண்ணைப் பெத்தவரு, நீங்களாவது அவனை அடிப்பீங்கன்னு பார்த்தேன்யா. நான் எப்ப சாவேன்னு என் மூஞ்சிக்கு எதிர கணக்கு போடுறீங்களே. சீ, நீங்கள்லாம் சோத்தைத்தான் திங்கிறீங்களா?"

அட்டையையும் தாளையும் சிவப்ரியாவிடம் நீட்டினார். "நீ என்னை மன்னிக்க வேணாம்மா. இதை வெச்சு என்ன பண்ணணுமோ பண்ணு."

அட்டையை அக்கா வாங்கிப் பார்த்தார். 2 63 05 99 223 047 93. பத்திரிகையில் கோடு போட்ட விடையோடு ஓர் இலக்கம்கூட மாறவில்லை. கண்டுபிடித்த சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அவர் அட்டையை ஓரத்தில் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

சிலம்பரசன் எழுந்து, சட்டையில் ஒட்டிய முறுக்குத் தூளைத் தட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தான். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான். பந்தலில் கீற்று கட்டிக்கொண்டிருந்தவர்கள் மாப்பிள்ளைக்கு வணக்கம் வைத்தார்கள்.

"ப்ரியா," என்றார் அன்பழகன். குரல் இப்போது தேய்ந்திருந்தது. "எழுநூறு பேருக்குப் பத்திரிகை குடுத்தாச்சு. மண்டபம், சமையல் எல்லாம் சொல்லியாச்சு. கொஞ்சம் யோசி. அவனைக் கூப்புட்டு இன்னொரு தடவ பேசிப் பார்ப்போம். நான் உனக்குக் கெடுதலா நெனப்பேன்?"

சிவப்ரியா அவரைப் பார்க்கவே இல்லை. சொர்ணாம்பாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த வீங்கிய பாதத்தை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்தாள். பிறகு போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினாள். மணி நாலு இருபது.

"சிஸ்டர், சிவப்ரியா பேசுறேன். ராஜினாமா இல்ல சிஸ்டர், நான் வேலைக்கு வர்றேன். வெள்ளிக்கிழமை காலை டூட்டி எனக்கே போட்டுடுங்க. இப்ப ஒரு பேஷன்ட்டையும் கூட்டிட்டு வர்றேன், டயாலிசிஸ்ல ஒரு பெட் வேணும்."

மறுமுனை ஏதோ கேட்டது. அன்பழகன் இரண்டு கையையும் கூப்பினார், சொல்லாதே என்று.

"கல்யாணமா?" என்றாள் அவள். "மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஆயிடுச்சு சிஸ்டர்."